லேயர் மாஸ்க்கும் திருத்தச் செலவும்: தாராவிப் பட வேலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

தாராவி மெயின் ரோட்டிலும் 90 அடிச் சாலையிலும் ஸ்டுடியோ, ஜெராக்ஸ், ஃப்ளெக்ஸ் டிசைன் மூன்றையும் ஒரே சிறிய அறைக்குள் நடத்தும் கடைகளைப் பார்க்கலாம். பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு மூலையில் திரை, இன்னொரு மூலையில் கம்ப்யூட்டர், வாசலில் லேமினேஷன் மெஷின். இக்கடைகளுக்கு வரும் வேலை அந்த ஊரின் வாழ்க்கையோடு ஒட்டியது. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, திருமணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் வேண்டும். கல்யாணம் முடிந்தால் ஆல்பம் வேண்டும். தோல் பை, பெல்ட், பர்ஸ் செய்கிறவர்களுக்கு இணையத்தில் விற்க வெள்ளைப் பின்னணியில் படம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் தொழிலில் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த இருவகை வேலைக்கும் வாடிக்கையாளர்கள்: வீட்டு விசேஷத்துக்கும் அவர்களே, பட்டறைப் படத்துக்கும் அவர்களே.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு படத்தில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று பிரிப்பது. கடையில் இதைக் ‘கட்டிங்’ என்பார்கள். அதைச் செய்ய ஃபோட்டோஷாப், கிம்ப் முதலிய மென்பொருள்களில் உள்ள முறையான கருவி லேயர் மாஸ்க். அதைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஷார்ட்கட் சாவிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சாவிகள் பயனுள்ளவைதான். ஆனால் கடையின் நேரத்தை அதிகம் தின்பது முதல் கட்டிங் இல்லை. அதற்குப் பிறகு வரும் திருத்தங்கள். எனவே பின்னால் எது மாறக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி, மாறக்கூடிய ஒவ்வொரு காரணத்துக்கும் தனி மாஸ்க் வைப்பதே சிக்கனம் என்பது இக்கட்டுரையின் கருத்து. சொல்லப்படும் முறைகள் ஃபோட்டோஷாப்பை முன்வைத்தவை. கிம்ப், கிரிட்டா, ஃபோட்டோபீ ஆகியவற்றிலும் அடிப்படை இதுவே. மாறும் இடங்களை மட்டும் ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

2. மறைப்பின் முன்வரலாறு

கம்ப்யூட்டர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே மாஸ்க் இருந்தது. 1857இல் ஆஸ்கார் ரெய்லண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக அச்சிட்டு ஒரு பெரும் படத்தை உருவாக்கினார். ஒன்றை அச்சிடும்போது மற்ற இடங்களில் ஒளி படாமல் மூடி வைக்க வேண்டும்; தவறினால் தாள் முழுவதும் வீண். தமிழகத்தில் இதற்கு இணையான சான்று லினேயஸ் ட்ரைப்பின் படங்கள். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1858இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தவர் அவர். அக்கால நெகட்டிவ்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கியதால் வானம் வெறும் வெள்ளையாக விழுந்தது. ட்ரைப் தம் காகித நெகட்டிவ்களின் மேல் தூரிகையால் நிறம் பூசி, அச்சில் மேகம் தெரியும்படி செய்தார். கோபுரத்தின் விளிம்பு வரை வந்து நிற்கும் அந்தத் தூரிகை வேலைதான் இன்று மாஸ்க்கில் பிரஷ் பிடிக்கும் கையின் வேலை.

சினிமாவில் இரட்டை வேடம் இதன் அடுத்த கட்டம். தமிழில் அதற்குத் தொடக்கம் 1940இல் பி. யு. சின்னப்பா நடித்த ‘உத்தம புத்திரன்’. பிலிம் காலத்து ‘மாஸ்க் ஷாட்’டில் லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறு பாதியை மறைத்து மீண்டும் எடுப்பார்கள். நடிகர் நடுக்கோட்டைத் தாண்டினால் கை பாதியில் வெட்டுப்பட்டுப் போகும். கேமரா மயிரிழை அசைந்தாலும் இணைப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அச்சகத்தில் மறைப்புக்கு ‘ரூபிலித்’ என்ற சிவப்பு பிலிம் இருந்தது. அங்கு பயன்பட்ட லித் பிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அதற்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்று. தொழிலாளியின் கண்ணுக்கோ சிவப்பின் ஊடாகக் கீழே உள்ள படம் தெரியும். எனவே பார்த்துக்கொண்டே வெட்ட முடிந்தது. ஃபோட்டோஷாப்பின் குயிக் மாஸ்க் இன்றும் சிவப்புத் திரையாக விழுவது இந்த அச்சகப் பழக்கத்தின் எச்சம். சிவப்புப் புடவை கட்டிய மணப்பெண்ணைக் கட்டிங் செய்யும்போது அந்தச் சிவப்பு பெரும் தொல்லை. அமைப்பில் போய்ப் பச்சைக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

இலக்க முறையில், ஒரு புள்ளி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதையும் ஓர் எண்ணாகச் சேமிக்கலாம் என்ற ஆல்ஃபா சேனல் கருத்து 1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரிடமிருந்து வந்தது. அதற்கான கணித விதிகளை தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் 1984இல் வகுத்தனர். ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994இல், 3.0 பதிப்பில். அதற்கு முன்பு ஒட்டிய படம் தேர்வு நிலையில் இருக்கும் வரைதான் தனியாக நிற்கும். தேர்வை விட்டதும் கீழே உள்ள படத்தோடு கலந்துவிடும்.

3. கணக்கு

மாஸ்க் என்பது படத்தின் அளவே உள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 8 பிட் கோப்பில் அதன் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரை 256 நிலைகளில் ஒன்றைக் கொண்டிருக்கும். 255 என்றால் மேல் லேயர் முழுதாகத் தெரியும். 0 என்றால் அறவே தெரியாது. இடையில் உள்ளவை விகிதக் கலவை. வெள்ளை வேட்டியின் ஒரு புள்ளியின் மதிப்பு 240, கீழே உள்ள பின்னணியின் மதிப்பு 100, மாஸ்க் 128 என்றால், கிடைப்பது 240இல் ஏறத்தாழ பாதியும் 100இல் ஏறத்தாழ பாதியும் சேர்ந்து 170. இவ்வளவுதான் கணக்கு. மென்பொருள் காட்டும் மற்ற வித்தைகள் எல்லாம் இந்த எண்ணை நிரப்பும் வெவ்வேறு வழிகள்.

இரேசர் கருவி இதற்கு எதிர். அழித்த புள்ளி போனது போனதுதான். ‘அன்டூ’ இருக்கிறதே என்பார்கள். இப்போதைய ஃபோட்டோஷாப் இயல்பாக 50 படிகளை நினைவில் வைக்கும். பழைய பதிப்புகளில் 20. பிரஷ்ஷை ஒரு முறை வைத்து எடுப்பது ஒரு படி. தலைமுடியின் ஓரத்தில் வேலை செய்யும்போது ஐம்பது படிகள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கோப்பை மூடித் திறந்தால் அதுவும் கிடையாது.

நினைவகச் செலவையும் எண்களில் பார்க்கலாம். 6 அடிக்கு 4 அடி பேனரை 72 டிபிஐயில் அமைத்தால் அகலம் 5,184 புள்ளி, உயரம் 3,456 புள்ளி, மொத்தம் 1.79 கோடி. பின்னணி தெரியும் தன்மையுள்ள ஆர்ஜிபி லேயர் ஒன்று புள்ளிக்கு 4 பைட் என்று கொண்டால் உச்சமாக 71.7 எம்பி. மாஸ்க் புள்ளிக்கு 1 பைட், 17.9 எம்பி. ‘பத்திரத்துக்கு ஒரு டூப்ளிகேட்’ என்று லேயரைப் பிரதியெடுத்துவிட்டு மேல் பிரதியை இரேசரால் அழிக்கும் வழக்கம் பல கடைகளில் உண்டு. அதன் விலை ஒரு மாஸ்க்கின் விலையைப் போல நான்கு மடங்கு. மாஸ்க் போட்டால் சிஸ்டம் இழுக்கும் என்று அஞ்சுவோர் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இழுக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் அந்தப் பிரதிகளே.

4. வேலைவாரியாக மாஸ்க்

4.1 விழா பேனர்

இவ்வேலையின் இயல்பைப் புரிந்துகொள்ள ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனரை எடுத்துக்கொள்வோம். நடுவில் பெண் குழந்தை. மேலே தெய்வப் படம், அதன் கீழே காலமான தாத்தா பாட்டி. ஓரங்களில் தாய்மாமன்மார். அடியில் ‘அன்புடன் வரவேற்கும்’ நண்பர்கள் வட்ட வட்டமாக. ஆர்டர் கொடுத்தவர் நாற்காலியைத் திரை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

“ஏ தம்பி, பெரிய மாமா பின்னால போயிட்டாருல்லா? முன்னால கொண்டா. சின்ன மாமா தோளு அவரு மேல ஏறாம பாத்துக்கோ.”

“சரிண்ணே. அத்தை இப்படியே இருக்கட்டுமா?”

“அத்தைய அந்தப் பக்கம் மாத்து. அவுக ரெண்டு பேரும் இப்பப் பேசிக்கிடுறதில்ல.”

இந்த மூன்று வரியில் மூன்று வகை மாற்றம் இருக்கிறது: முன்பின் வரிசை, ஒருவர் மேல் ஒருவர் ஏறும் இடம், நிற்கும் இடம். ஒரே மாஸ்க்கில் எல்லாவற்றையும் செய்தவருக்கு மூன்றும் புது வேலை. பெரிய மாமாவின் தோள் சின்ன மாமாவால் மறைவதற்காக அதை மாஸ்க்கில் கறுப்படித்திருந்தால், முன்னால் கொண்டுவந்ததும் தோள் இல்லாமல் நிற்பார்.

இதற்கு வழி, மாஸ்க்கை இரண்டாகப் பிரிப்பது. முதல் மாஸ்க் ஆளுக்கு உரியது: அவரை அவருடைய பின்னணியிலிருந்து வெட்டி எடுப்பது மட்டுமே அதன் வேலை. அது ஒரு முறை சரியாகிவிட்டால் மறுபடி தொட வேண்டியதில்லை. அந்த லேயரை ஒரு குரூப்புக்குள் போட்டு, குரூப்புக்கு இரண்டாவது மாஸ்க் கொடுக்க வேண்டும். இது பேனருக்கு உரியது: இடுப்புக்குக் கீழே மங்கி மறைவது, அடுத்தவர் தோளுக்கு வழி விடுவது, எழுத்துக்கு இடம் கொடுப்பது இதில் நடக்கும். மாமா இடம் மாறினால் குரூப் மாஸ்க்கை மட்டும் வெள்ளையாக்கிப் புதிதாகத் தீட்டினால் போதும். கட்டிங் அப்படியே இருக்கும். கிம்ப்பில் குரூப்புக்கு மாஸ்க் போடும் வசதி 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்திய பதிப்பை வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ள இது ஒன்றே போதிய காரணம்.

லேயர் படத்துக்கும் மாஸ்க் படத்துக்கும் இடையே ஒரு சங்கிலிக் குறி இருக்கும். அதைச் சொடுக்கிக் கழற்றினால் ஆள் நகர்வார், மாஸ்க் நகராது. வட்டத்துக்குள் நண்பர் முகத்தைச் சற்று மேலே ஏற்ற இது கைகொடுக்கும். கழற்றிய சங்கிலியை மாட்ட மறந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவருக்கு மட்டும் இது ஆபத்து.

கண்ணீர் அஞ்சலிப் படங்களுக்கு இன்னொரு சிக்கல். இறந்தவரின் தனிப்படம் பல வீடுகளில் இருக்காது. குழுப்படத்திலிருந்தோ பழைய அடையாள அட்டையிலிருந்தோ எடுக்க வேண்டும். ஒரு தோள் யாரோ ஒருவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். கோட்டும் டையும் போட்ட வேறோர் உடலை ஒட்டுவது ஸ்டுடியோக்களின் பழைய வழக்கம். வாழ்நாளில் கோட் அணியாத ஒருவரைக் கோட்டோடு சுவரில் மாட்டுவது எனக்கு உவப்பில்லை. மறைந்த தோளுக்கு மறு தோளையே திருப்பிப் போட்டுச் சேர்க்கலாம்; கழுத்துப் பகுதியில் மென்மையான பிரஷ்ஷால் மாஸ்க்கைக் கரைத்துவிட்டால் அவருடைய சட்டையிலேயே அவர் இருப்பார். சட்டைப் பை இரண்டு பக்கமும் வந்துவிடாமல் ஒன்றை மறைக்க வேண்டும்.

4.2 கரிஷ்மா ஆல்பம்

கரிஷ்மா எனப்படும் திருமண ஆல்பத்தின் விரிந்த பக்கம் பொதுவாக 12க்கு 36 அங்குலம். 300 டிபிஐயில் இது 3,600க்கு 10,800 புள்ளி, கிட்டத்தட்ட 3.9 கோடி. முழுப் பக்க லேயர் ஒன்று 4 பைட் கணக்கில் 155 எம்பியைத் தொடும். பேனரை விட இங்கே சிக்கனம் கூடுதல் தேவை.

கடைகளில் புழங்கும் பி.எஸ்.டி. டெம்ப்ளேட்டுகள் கிளிப்பிங் மாஸ்க்கை நம்பியவை. கீழே ஒரு வடிவம், அதன் மேல் படம். இரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டில் ஆல்ட் சாவியோடு சொடுக்கினால் படம் வடிவத்துக்குள் அடங்கிவிடும். இதில் மாஸ்க்குக்கு என்று தனிப் புள்ளிகள் கிடையாது, கீழ் லேயரின் வடிவமே மாஸ்க். படத்தை மாற்றினாலும் வடிவம் மாறாது. எனவே ஒரே கட்டத்தில் படங்களை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஆல்ப வேலைக்கு இது லேயர் மாஸ்க்கைவிடச் சிக்கனம். படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்தால் சின்னதாக்கிப் பெரிதாக்கும்போது தரமும் குறையாது. லேயர் மாஸ்க்கை இங்கே ஓரம் கரையும் இடங்களுக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்ளலாம். அதையும் பிரஷ்ஷால் தீட்டாமல் கிரேடியன்ட் கொண்டு ஒரே இழுப்பில் முடிப்பது நல்லது.

2008இல் வந்த சி.எஸ்.4 பதிப்பு முதல் மாஸ்க்கின் ஃபெதர், டென்சிட்டி இரண்டையும் தனியே ஏற்றி இறக்க முடிகிறது. இவை மாஸ்க்கின் புள்ளிகளை மாற்றுவதில்லை, எண்ணாக நிற்கின்றன. தேர்வுக்கே ஃபெதர் கொடுத்துவிட்டு மாஸ்க் போட்டால் அந்த மென்மையைப் பின்னால் கழற்ற முடியாது. கூர்மையாக வெட்டி, மென்மையைப் பிறகு எண்ணாகக் கொடுப்பதே முறை.

4.3 தோல் பொருள்

இங்கே உறவினர் தலையீடு கிடையாது, விதி கடுமையானது. அமேசான் போன்ற சந்தைகளில் முதன்மைப் படத்தின் பின்னணி கலப்பற்ற வெள்ளையாக, மூன்று நிறத்திலும் 255ஆக இருக்க வேண்டும். பொருள் படத்தின் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். 252 இருந்தாலும் மலிவான திரையில் வெள்ளையாகத்தான் தெரியும். கண்ணை நம்பாமல் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு த்ரெஷோல்ட் லேயரை 255இல் வைத்துப் பார்த்தால், தூய வெள்ளை மட்டும் வெள்ளையாக நிற்கும். மற்ற எல்லாம் கறுப்பாகி, மூலைகளில் ஒளிந்திருக்கும் சாம்பல் வெளியே வரும். பார்த்ததும் அந்த லேயரை நீக்கிவிடலாம்.

பையின் விளிம்பு கூர்மையானது, வளைவு சீரானது. பிரஷ்ஷுக்கு இங்கே வேலையில்லை. பென் டூலால் பாதை வரைந்து வெக்டர் மாஸ்க்காகப் போட வேண்டும். பாதை புள்ளிகளால் ஆனதில்லை. எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு மாறாது, கோப்பிலும் அதிக இடம் பிடிக்காது. கைப்பிடிக்கு உள்ளே தெரியும் ஓட்டையை மறந்துவிடுவது இந்த வேலையின் நிரந்தரத் தவறு. பையைச் சுற்றி ஒழுங்காக வெட்டியிருப்பார்கள். கைப்பிடி வளையத்துக்குள் பட்டறைத் தரை எட்டிப் பார்க்கும். பக்கிளின் நடு இடைவெளியும் அப்படியே. இவற்றைக் கழிக்கும் பாதைகளாக அதே வெக்டர் மாஸ்க்கில் சேர்க்க வேண்டும். குஞ்சம் உள்ள பை என்றால் வெக்டர் மாஸ்க்கோடு கூட ஒரு லேயர் மாஸ்க்கும் போட்டு, குஞ்சத்துக்கு மட்டும் பிரஷ் பயன்படுத்தலாம். ஒரு லேயருக்கு இரண்டும் ஒருசேர இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நிழலை வெட்டி எறிந்துவிட்டால் பை காற்றில் மிதக்கும். மூலப் படத்தின் பிரதி ஒன்றைக் கீழே மல்டிப்ளை முறையில் வைத்து, அதில் நிழல் தவிர மற்றதை மாஸ்க்கால் மறைப்பது வழி. பிரதி எடுப்பதை மேலே குறை சொன்னேன். இது நியாயமான விதிவிலக்கு.

அதே பை டேன், பிரவுன், கறுப்பு என்று பல நிறத்தில் வேண்டும் என்பார்கள். அப்போது வெக்டர் மாஸ்க்கைக் குரூப்புக்குக் கொடுத்து, உள்ளே நிறம் மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களை அடுக்கினால் ஒரு மாஸ்க் எல்லா நிறத்துக்கும் ஆகும். பக்கிளும் ஜிப்பும் நிறம் மாறாதிருக்க, அட்ஜஸ்ட்மென்ட் லேயரின் சொந்த மாஸ்க்கில் அவற்றைக் கறுப்படிக்க வேண்டும். டேன் தோலைக் கறுப்பாக்கும்போது நிறத்தை மட்டும் மாற்றினால் சாம்பல் ரப்பர் போல் தெரியும். உண்மையான கறுப்புத் தோலில் பளபளப்பு சிறிய இடத்தில் கூர்மையாக விழும். அதற்கு கர்வ்ஸ் கூட வேண்டும்.

5. முடி, மல்லிகை, சரிகை

தமிழ்ப் பெண்ணின் தலையைக் கட்டிங் செய்வதுதான் இத்தொழிலின் கடினமான பரீட்சை. கறுத்த முடிக்கு எளிதான வழி நீலச் சேனல். வெள்ளைச் சுவராயினும் ஸ்டுடியோவின் நீலத் திரையாயினும் நீலச் சேனலில் பின்னணி வெளுத்துத் தெரியும். முடி கறுப்பு. தோலிலும் நீலம் குறைவு என்பதால் முகமும் கருமையாக விழும். அந்தச் சேனலைப் பிரதியெடுத்து, லெவல்ஸ் கொண்டு கறுப்பை மேலும் கறுப்பாக்கி வெள்ளையை மேலும் வெள்ளையாக்கி, கன்ட்ரோலும் ‘ஐ’யும் அழுத்தித் திருப்பினால் முடியின் ஒவ்வோர் இழையும் சேர்ந்த மாஸ்க் கிடைக்கும். முகம், உடல் ஆகிய உள்பகுதிகளைக் கெட்டியான பிரஷ்ஷால் வெள்ளையாக நிரப்பிக்கொள்ள வேண்டும். இழைகளைக் கையால் வரைய முயல்வது வீண் வேலை. வரைந்தது வரைந்தது போலவே தெரியும்.

பூ வைத்ததும் கதை மாறுகிறது. கனகாம்பரம் ஆரஞ்சு நிறம். அதில் நீலம் குறைவு. எனவே நீலச் சேனலில் முடியோடு முடியாகக் கறுத்து, தானாகவே மாஸ்க்குக்குள் வந்துவிடும். பட்டுச் சரிகையின் பொன்னிறமும் அவ்வாறே. மல்லிகையோ வெள்ளை. பின்னணியோடு சேர்ந்து வெளுத்து, கட்டிங் முடிந்ததும் கொண்டையிலிருந்து பூவே காணாமல் போயிருக்கும். முடியின் ஓரத்தில் கடித்தெடுத்தது போல் பள்ளம் விழும். மல்லிகைக்குத் தனியாக லாஸோவோ பென் டூலோ கொண்டு எல்லை கட்டி, மாஸ்க்கில் வெள்ளையாக நிரப்ப வேண்டும். மொட்டுகளின் விளிம்பு தெளிவானது என்பதால் இது கடினமில்லை, மறந்துபோவதுதான் வழக்கம். வெள்ளை வேட்டிக்கும் இதே விதி.

நீலத் திரையின் சாயல் முடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். மாஸ்க்கைச் சுருக்கி அதை வெட்ட முயன்றால் இழைகளும் போகும். லேயருக்கு மேலே கலர் முறையில் ஒரு லேயரைக் கிளிப் செய்து, முடியின் நிறத்தை எடுத்து ஓரங்களில் தடவினால் நீலம் மறையும், இழை நிற்கும்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றுக்கு ஓர் எச்சரிக்கை. ஜேபெக் சுருக்கம் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கும். நிறத் தகவலை ஒளித் தகவலைவிடக் குறைவாகச் சேமிக்கும். நீலச் சேனலில் அந்தக் கட்டங்கள் அப்படியே தெரியும், மாஸ்க் படிக்கட்டுப் படிக்கட்டாக வரும். லெவல்ஸுக்கு முன்பு சேனல் பிரதியை ஒரு புள்ளி அளவுக்கு மங்கலாக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்வது அதைவிட மேல்.

முடிந்ததும் ஆல்ட் சாவியோடு மாஸ்க் படத்தைச் சொடுக்கி மாஸ்க்கை மட்டும் பார்க்க வேண்டும். படத்தில் தெரியாத சாம்பல் புள்ளிகள் அங்கே பொடியாகச் சிதறிக் கிடக்கும். ஷிஃப்ட் சாவியோடு சொடுக்கினால் மாஸ்க் தற்காலிகமாக ஓயும். கிம்ப்பில் காட்டுவதற்கு ஆல்ட், ஓய்வதற்கு கன்ட்ரோல்.

6. எவ்வளவு செய்வது போதும்

சிக்கனம் என்றால் செய்யாமல் விடுவதும்தான். இயல்பான கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. பத்தடி, அதாவது 3 மீட்டர் தொலைவில் அது 0.87 மில்லிமீட்டர், கையில் பிடித்துப் பார்க்கும் 40 சென்டிமீட்டரில் 0.12 மில்லிமீட்டர். 72 டிபிஐ பேனரில் ஒரு புள்ளி 0.35 மில்லிமீட்டர். மாஸ்க் ஓரத்தில் இரண்டு புள்ளி பிசகினால் 0.7, பத்தடியில் நிற்பவர் கண்ணுக்கு அது எட்டாது. 300 டிபிஐ ஆல்பத்தில் அதே இரண்டு புள்ளி 0.17 மில்லிமீட்டர்தான், ஆனால் மடியில் வைத்துப் பார்ப்பவருக்கு அது தெரியும்.

தெருமுனையில் பதினைந்தடி உயரத்தில் கட்டப்படும் பேனருக்கு நீலச் சேனலைத் தோண்டி இழை இழையாக மாஸ்க் எடுப்பவர் முதலாளியின் மின்சாரத்தையும் தம் கண்ணையும் வீணாக்குகிறார். அங்கே கழுத்தும் தோளும் சேரும் இடம், ஆட்களின் அளவுப் பொருத்தம், வெளிச்சம் விழும் திசை ஆகியவைதான் பளிச்சென்று உறுத்தும். மாமா இடப்பக்க வெயிலிலும் மருமகள் வலப்பக்க ஃப்ளாஷிலும் நின்றால், எந்த மாஸ்க்கும் அவர்களை ஒரு குடும்பமாக்காது.

7. நிறம்

“கொஞ்சம் கலராக்கிடுங்க” என்ற வேண்டுகோள் கேட்காத கடை இல்லை. கர்வ்ஸை ஏற்றி முகத்தை வெளுக்க வைப்பது நிமிட வேலை. நேராகப் படத்தின் மீதே செய்துவிட்டால் அந்தப் பெண்ணின் உண்மை நிறம் அந்தக் கோப்பில் இனி எங்கும் இல்லை. கை ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக நிற்கும் படங்களை 90 அடிச் சாலைப் பேனர்களில் தாராளமாகப் பார்க்கலாம். அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் முகத்துக்கும் கழுத்துக்கும் கைக்கும் சேர்த்து மாஸ்க் போட்டு, லேயரின் ஒப்பாசிட்டியை வாடிக்கையாளர் முன்னாலேயே ஏற்றி இறக்கிக் காட்டலாம். டென்சிட்டியை இறக்கினால் மாஸ்க்கின் கறுப்புதான் வலுவிழக்கும் என்பதால், இவ்விடத்தில் அது உதவாது. நூறில் பார்த்துவிட்டு முப்பதில் பார்க்கும்போது, முப்பதே போதும் என்று பலர் தாமாகச் சொல்லிவிடுவார்கள். பெண்ணின் தாயார் அருகில் இருந்தால் பூஜ்யத்துக்கே வந்துவிடுவதும் உண்டு. நிறம் குறித்த இந்த ஆசையை மென்பொருள் தீர்க்காது. மாற்றம் தனி லேயரில் நின்றால், வேண்டாம் என்று சொல்ல இன்னொரு வாய்ப்பு மிஞ்சும்.

8. தானியங்கித் தேர்வு

ஃபோட்டோஷாப்பில் ‘செலக்ட் சப்ஜெக்ட்’ 2018 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ரிமூவ்.பிஜி இணையதளம் வந்தது. இப்போது போனிலேயே ஒரு தொடுதலில் பின்னணி போய்விடுகிறது. கட்டிங் தொழில் தீர்ந்தது என்று பேசினார்கள். தீரவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்த ஆளை அவை நன்றாகவே வெட்டும். மெல்லிய துப்பட்டா, பின்னணி தெரியும் வளையல், பைக் கைப்பிடியின் ஓட்டை, குழுப்படத்தில் ஒட்டி நிற்கும் தோள் ஆகியவற்றில் தடுமாறும். யாருடைய தோள் யாருக்கு என்பது குடும்பத்தாருக்கே சில சமயம் சந்தேகமாக இருக்கும்.

வேறுபாடு விளைவின் வடிவத்தில் இருக்கிறது. செலக்ட் சப்ஜெக்ட் தரும் தேர்வை மாஸ்க்காகப் போட்டால், தவறிய மல்லிகையை வெள்ளைப் பிரஷ்ஷால் திரும்பக் கொண்டுவரலாம். எக்ஸ் சாவியை அழுத்தி நிறம் மாற்றி, மிஞ்சியதைக் கறுப்பால் மறைக்கலாம். போன் செயலிகள் அனுப்பும் பி.என்.ஜி. படத்தில் வெட்டுப்பட்ட விரலை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. எனவே வெட்டி அனுப்பிய படத்தோடு மூலப் படத்தையும் கேட்டு வாங்குவது கடையின் விதியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் பி.என்.ஜி.யின் வடிவத்தை கன்ட்ரோல் சொடுக்கால் தேர்வாக எடுத்து, மூலத்துக்கு மாஸ்க்காக மாட்டிவிட்டு விரலை மட்டும் திறந்துவிடலாம்.

9. கோப்பு

ஜேபெக்கில் மாஸ்க் தங்காது. பி.எஸ்.டி., டிஃப், கிம்ப்பின் எக்ஸ்.சி.எஃப். ஆகியவற்றில் தங்கும். பி.எஸ்.டி. 2 ஜிபியோடு நின்றுவிடும். அதற்கு மேல் பி.எஸ்.பி. வேண்டும். இடம் போதவில்லை என்று அச்சுக்கு அனுப்பிய ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டு பி.எஸ்.டி.யை அழிக்கும் கடைகள் உண்டு. காதணி விழா பேனருக்கு அது பெரிய நஷ்டமில்லை. அந்தக் குழந்தைக்கு இன்னொரு முறை காது குத்தப் போவதில்லை. கண்ணீர் அஞ்சலி அப்படியில்லை. பதினாறாம் நாள், முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று அதே முகம் திரும்பி வரும், ஒவ்வொரு முறையும் வேறு பின்னணியோடு. தோல் பைக்கும் அடுத்த சீசனில் புது நிறம் வரும். முழு பி.எஸ்.டி.யை வைக்க முடியாவிட்டால், மூலப் படமும் முதல் மாஸ்க்கும் உள்ள லேயரை மட்டும் தனிக் கோப்பாகச் சேமிக்கலாம். பேனருக்குரிய குரூப் மாஸ்க், மேகம், பூ, எழுத்து எல்லாவற்றையும் விட்டுவிடலாம். அவை எப்படியும் மாறப் போகிறவை. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘லாஸ்ட் ஃபைனல்’ என்று வைக்காமல், ஆளின் பெயரும் ஆண்டும் இருந்தால் தேடுகிறவருக்கு அரை மணி நேரம் மிச்சம்.